கேப் டவுனில் நாயோடு நடக்க, நிழலும் சமதரையும் உள்ள பாதை எது?

ரோண்டபோஷில் குடியிருக்கும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரின் கேள்வி இது. வீட்டில் மூன்று வயது லாப்ரடார். கூட நடக்க வரும் அம்மாவுக்கு முழங்கால் வலி. பக்கத்தில் இருக்கிறதே என்று ரோண்டபோஷ் காமன் என்ற திறந்தவெளிக்குப் போயிருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் நாய் நாக்கைத் தொங்கப்போட்டுப் படுத்துவிட்டது. வெயில் படாத, ஏறி இறங்க வேண்டாத, நாயை விடுகிற பாதை எது என்று கேட்கிறார்.

கான்ஸ்டான்ஷியாவில் உள்ள ஆல்ஃபன் பாதைக்குப் போங்கள். கோடையில் மாலை, குளிர்காலத்தில் காலை பத்து மணிக்கு மேல். இரண்டாவதாக நியூலண்ட்ஸ் காட்டின் அடிவாரப் பாதைகள். மற்றவை எல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகுதான்.

இவ்வளவு பெரிய மலையும் பச்சையும் இருக்கும் ஊரில் நிழலுக்கு ஏன் இந்தப் பஞ்சம் என்று தோன்றும். இந்த மண்ணுக்கு உரிய செடிவகை ஃபைன்போஸ். பெரும்பாலும் இடுப்பளவு, ஆளுயரம் வளரும் புதர். அதற்கு வெயில் வேண்டும், பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தீயும் வேண்டும். மரம் அடர்ந்து நிழல் விழுந்தால் செத்துப்போகும். இயற்கையான காடு மலை மடிப்புகளில், தண்ணீர் ஓடும் பள்ளங்களில் மட்டுமே உண்டு. மற்றபடி இங்கே நீங்கள் பார்க்கும் பெரிய மரங்கள், ஓக், பைன், யூகலிப்டஸ், பாப்லர், எல்லாமே மனிதர்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. ரோண்டபோஷ் காமன் 40 ஹெக்டேர் அளவுக்கு நடுநகரில் தப்பிப் பிழைத்த பழைய நிலம்; 1961ல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அங்கே மரம் இல்லாததுதான் அதன் சிறப்பு. வசந்தத்தில் பூக்களைப் பார்க்கப் போகலாம், ஜனவரி மாதம் கறுப்பு லாப்ரடாரைக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது.

நட்ட மரம் என்றால் வெட்டப்படும் மரமும்தான். தென் புறநகர்ப் பக்கம் உள்ள டோகாயில் 1880களிலேயே மரத்தோட்டம் போட ஆரம்பித்தார்கள். ஒரு காலத்தில் தென் புறநகர்களின் நாய்க்காரர்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருப்பார்கள். நிலம் டேபிள் மலைத் தேசியப் பூங்காவின் கைக்கு வந்தபின், பைன்களை வெட்டி எடுத்துவிட்டு ஃபைன்போஸை மீட்பது என்று முடிவானது. 2015 மார்ச்சில் வந்த பெருந்தீ மேல் டோகாயை முடித்துவைத்தது. கீழ் டோகாயில் மிச்சமிருந்த நிழலுக்காக அக்கம்பக்கத்து மக்கள் நீதிமன்றத்துக்கே போனார்கள். எங்களைக் கேட்காமல் வெட்டியது தவறு என்ற அவர்கள் வாதம் 2017ல் உயர் நீதிமன்றத்தில் எடுபட்டது. நிழலுக்காக வழக்குப் போடும் ஊர் இது! என் மனம் இரண்டு பக்கமும் இழுக்கும். உலகத்தில் வேறெங்கும் இல்லாத செடி அங்கே முளைக்கிறது என்பது உண்மை. அறுபது வயது தாண்டியவர்கள் நடக்க ஒரு நிழலான இடம் வேண்டும் என்பதும் உண்மை. எப்படியானாலும் பழைய வழிகாட்டிகளைப் பார்த்துவிட்டு 'டோகாய் முழுக்க நிழல்' என்று நம்பிப் போகாதீர்கள். செசிலியா காட்டின் கீழ்ப்பகுதியிலும் அப்படித்தான், வெட்டிய இடமெல்லாம் வெட்டவெளி.

மரம் தருவது பாதி நிழல். மீதியை மலை தருகிறது. நியூலண்ட்ஸ், கிர்ஸ்டன்போஷ், கான்ஸ்டான்ஷியா எல்லாம் மலைக்குக் கிழக்கே இருப்பவை. காலை வெயில் நேராக அடிக்கும். பிற்பகலில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். டிசம்பரில் கடற்கரையில் இரவு எட்டு மணி வரை வெளிச்சம் இருக்க, நியூலண்ட்ஸ் காட்டில் அதற்கு வெகு முன்பே மலை நிழல் விழுந்துவிடும். ஊரில் பழக்கம் காலை நடை என்பதால் நம்மவர்கள் ஏழரை, எட்டுக்குக் கிளம்புகிறார்கள். இந்தப் பக்கத்துக் கோடைக்கு அது சரிவராது. விடியற்காலை எழ முடிந்தால் சரி, இல்லையென்றால் மாலைதான்.

இன்னொன்று. இங்கே நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். டிசம்பரில் கிட்டத்தட்ட தலைக்கு மேல், 79 பாகை உயரம்; ஜூனில் 33 பாகைதான். அதனால் கிழக்கு மேற்காக ஓடும் பாதையில் வடக்குப் பக்கம் மரவரிசை இருந்தால்தான் பாதையில் நிழல் விழும். மரம் தெற்கே இருந்தால் நிழல் பக்கத்து வேலிக்குப் போய்விடும். புதிய இடத்துக்குப் போகுமுன் வரைபடத்தில் இதைப் பார்த்துக்கொண்டால் பாதி ஏமாற்றம் மிச்சம்.

இனி ஆல்ஃபன். கான்ஸ்டான்ஷியா பள்ளத்தாக்கில் ஓடைகளை ஒட்டி வீடு கட்டாமல் விட்ட பசுமைப் பட்டைகள் பல இருக்கின்றன; அவற்றில் எளிதானது இது. நகராட்சி நிலம், கட்டணம் கிடையாது, அனுமதி அட்டை தேவையில்லை. ஆல்ஃபன் டிரைவ் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால் முதலில் அகலமான புல்வெளி. நாய்கள் ஓடிப் பிடித்து விளையாடும் இடம் இதுதான். வெயிலும் இங்கேதான் அடிக்கும். அதைக் கடந்தால் டீப் ஆற்றை ஒட்டிய மண்பாதை. ஆறு என்று பெயரே தவிர, கோடையில் கணுக்கால் நனையும் ஓடைதான். உங்கள் லாப்ரடாருக்கு அதுவே சொர்க்கம். இருபுறமும் பெரிய மரங்கள், மெல்லிய ஏற்றம். அம்மாவுக்குக் கால் எங்கே வலிக்கிறதோ அங்கேயே திரும்பிவிடலாம், சுற்றிவந்து முடித்தாக வேண்டிய கட்டாயமில்லை. ஒரு மணி நேரத்துக்குள் போய்த் திரும்பிவிடுவீர்கள்.

அம்மா செருப்போடு வரவேண்டாம். ஓக் சருகு ஈரமாக இருந்தால் வழுக்கும். புல்வெளியில் மோல்ராட் என்னும் அகழெலி தள்ளிய மண்மேடுகள் நிறைய, கால் பிசகும். குளிர்கால மழைக்குப் பிறகு பாதையில் சில இடங்களில் சேறு கணுக்கால் வரை இருக்கும். பழைய கேன்வாஸ் ஷூ போதும், ஆனால் ஷூ வேண்டும்.

ஆல்ஃபனில் பழகிக்கொள்ள வேண்டிய விஷயம் குதிரை. பக்கத்தில் லாயங்கள் இருப்பதால் சவாரிக்காரர்கள் இதே பாதையில் வருவார்கள். குதிரையே பார்த்திராத நாய் முதல் தடவை குரைத்துக்கொண்டு பாயும், குதிரை மிரண்டால் மேலே இருப்பவர் கீழே. குளம்புச் சத்தம் கேட்டவுடன் நாயைக் கயிற்றில் மாட்டி, பாதையைவிட்டு இறங்கி, உட்காரவைத்து, கையில் ஒரு பிஸ்கட்டோடு நில்லுங்கள். இரண்டு மூன்று குதிரை தாண்டிப் போனபின் லாப்ரடார் குதிரையைப் பார்க்காது, பிஸ்கட்டைத்தான் பார்க்கும்.

அடுத்தது அவிழ்த்துவிட்ட நாய்கள். இங்கே பலர் கயிறு போடுவதில்லை. எதிரே நாலுகால் பாய்ச்சலில் ஒரு நாய் வரும், ஐம்பதடி பின்னால் அதன் சொந்தக்காரர் சிரித்துக்கொண்டே 'ஒன்றும் செய்யாது' என்பார். அது ஒன்றும் செய்யாமல் இருக்கலாம்; உங்கள் அம்மா பயந்து விழுந்தால்? உங்கள் நாய் கயிற்றில் இருந்தால், 'உங்கள் நாயைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், அம்மாவுக்குக் கால் சரியில்லை' என்று உரக்கச் சொல்லிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சனி, ஞாயிறு காலையில் கூட்டம் அதிகம். அம்மாவோடு போகிற முதல் சில நடைகளை வாரநாள் மாலையில் வைத்துக்கொண்டால் நல்லது.

எச்சத்தை எடுத்துப்போட பை கொண்டுபோக வேண்டும், இது விதி. ஓடைக்கரையில் போய்விட்டு 'மண்ணோடு மக்கிவிடும்' என்று நடையைக் கட்டுகிறவர்களும் உண்டு. அவர்களைப் பார்த்து நாமும் பழகவேண்டாம்.

நியூலண்ட்ஸ் காடு வேறு வகை. தேசியப் பூங்காவைச் சேர்ந்தது; நாயோடு நடக்க, தேசியப் பூங்காக்களை நடத்தும் சான்பார்க்ஸ் தரும் ஆண்டு அனுமதி அட்டை வேண்டும். கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அவர்கள் தளத்திலேயே பார்த்துவிடுங்கள். எம்3 சாலையில் நகரத்தை நோக்கிப் போகும் பக்கத்திலிருந்துதான் உள்ளே நுழைய முடியும், தீயணைப்புத் தளத்தை ஒட்டி வண்டி நிறுத்துமிடம். கேப் டவுனிலேயே மழை அதிகம் கொட்டும் பகுதி நியூலண்ட்ஸ். காற்று மலையில் முட்டி மேலேறி மேகமாகிப் பெய்வதால் காடு எப்போதும் ஈரமாக இருக்கும், கோடையிலும் குளுகுளுவென்று இருக்கும். கீழ்ப்பகுதியில் பைன், யூகலிப்டஸ். மேலே ஏற ஏற மஞ்சள்மரம் முதலான சொந்தக் காட்டு மரங்கள். அம்மா கூட வந்தால் கீழே உள்ள அகலமான ஜீப் பாதையோடு நின்றுவிடுங்கள். மேலே மலைச்சரிவை ஒட்டிச் செல்லும் காண்டூர் பாதை என்று ஒன்று உண்டு. ஒன்றிரண்டு பேர் 'காண்டூர் பாதை வரை போய்விடலாம், சும்மா பக்கம்தான்' என்பார்கள். பக்கம்தான், ஆனால் செங்குத்து. முழங்கால் இறங்கும்போதுதான் வலிக்கும் என்பது அம்மாவுக்குத் தெரியும், சொல்கிறவருக்குத் தெரியாது. அந்தக் காண்டூர் பாதை அப்படியே தெற்கே கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் தோட்டத்துக்குள் போகும். தோட்டத்தில் நாய்க்கு அனுமதி இல்லை.

கோடையில் தென்கிழக்குக் காற்று பலமாக வீசும் நாட்களில் நியூலண்ட்ஸுக்குப் போகாதீர்கள். மலைமேல் வெள்ளைத் துணி விரித்தாற்போல் மேகம் உட்கார்ந்திருந்தால் அதுதான் அடையாளம். வயதான பைன்களின் கிளை ஒடிந்து விழும். அப்புறம், பாதுகாப்பு. காட்டுப் பாதைகளில் வழிப்பறி நடப்பது உண்டு, ஒளித்துச் சொல்ல ஒன்றுமில்லை. தனியாகப் போகாமல், ஆள் நடமாட்டம் உள்ள நேரத்தில், நகை போடாமல் போங்கள். அம்மாவின் தாலிச் சங்கிலியையும் சேர்த்தே சொல்கிறேன். ரைலாண்ட்ஸ் கோயிலுக்குப் போகிற கையோடு காட்டுக்கும் போகவேண்டாம். மலை நிழலுக்காக மாலையில் போகச் சொன்னேன், அதற்காக இருட்டும் வரை இருக்கச் சொல்லவில்லை.

அவசரத்துக்கு இன்னும் இரண்டு. கிளேர்மான்ட் பக்கம் கியூர்பூம் பூங்கா, நாய்க்காரர்கள் கூடும் இடம், அரைமணி நேரம் இருக்கிற நாளில் போதும். லீஸ்பீக் ஆற்றங்கரை, உங்களுக்கு நடந்தே போகும் தூரம், ஆங்காங்கே நல்ல நிழல், நடுநடுவே சாலையைக் கடக்க வேண்டும். கான்ஸ்டான்ஷியாவில் உள்ள டி ஹெல் பள்ளத்தாக்கு அழகானது, அடர்த்தியானது, ஆனால் இறக்கமும் ஏற்றமுமாக இருக்கும். அம்மா இல்லாத நாளில் நீங்கள் மட்டும் போங்கள்.

ஓக் மரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மார்ச் முதல் மே வரை அவை காய் உதிர்க்கும். லாப்ரடார் என்றால் வாயில் போடாத பொருள் கிடையாது. ஓக் காய் நாயின் வயிற்றைக் கெடுக்கும், நிறைய விழுங்கினால் குடலை அடைத்துக்கொள்ளும். அந்த மாதங்களில் மரத்தடியில் கயிற்றை அவிழ்க்காதீர்கள். இந்த ஓக்குகளும் நிரந்தரமில்லை. மரத்தைத் துளைத்து உள்ளே பூஞ்சை வளர்க்கும் எள்ளளவு வண்டு ஒன்று 2019ல் கேப் டவுனின் கிழக்கு ஓரத்தில் உள்ள சாமர்செட் வெஸ்டில் கண்டுபிடிக்கப்பட்டு, பிற்பாடு தென் புறநகர்களுக்கும் வந்துவிட்டது. கடுமையாகத் தாக்கிய மரத்தை வெட்டுவதைத் தவிர பெரும்பாலும் வழியில்லை.

நவம்பர் வாக்கில் புல் காய ஆரம்பிக்கும்போது கவனிக்க வேண்டியது புல் விதை. ஒரு விதையை எடுத்து விரலுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள்: முனை ஊசி மாதிரி கூர், பின்னால் நீண்ட மயிர்கள், அத்தனையும் ஒரே திசையில் சாய்ந்திருக்கும். முன்னால் தள்ளினால் போகும், பின்னால் இழுத்தால் மாட்டிக்கொள்ளும். நாயின் கால்விரல் இடுக்கில் ஏறினால் தோலைத் துளைத்து உள்ளே போய்க்கொண்டே இருக்கும். காதுக்குள் போனால் செவிப்பறை வரைக்கும். நடை முடிந்ததும் வண்டியில் ஏற்றுமுன் நான்கு பாதத்தையும் விரல்விட்டுப் பிரித்துப் பாருங்கள், லாப்ரடாரின் மடிந்த காதைத் தூக்கிப் பாருங்கள். நாய் திடீரென்று தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உதற ஆரம்பித்தால் அன்றைக்கே டாக்டர். நீங்களே இடுக்கியை விட்டு எடுக்கப் பார்க்காதீர்கள்.

அதே நேரத்தில் உண்ணியையும் தேடிவிடலாம். இங்கே எல்லோரும் 'பிலியரி' என்று சொல்லும் நோய் உண்ணி மூலம் வருவது. ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். நாய் சோர்ந்து படுத்து, சாப்பாட்டைத் தொடாமல், ஈறு வெளுத்து, சிறுநீர் கருத்துப்போனால் காத்திருக்க நேரமில்லை. ஊரில் கொடுத்துவந்த உண்ணி மருந்தையே தொடராமல், இங்குள்ள டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

பாம்பு? உண்டு. கேப் நாகமும் பஃப் ஆடர் என்னும் விரியனும்தான் நாய்க்கு ஆபத்தானவை. நாகம் பெரும்பாலும் விலகிப் போய்விடும். விரியன் நகராமல் கிடக்கும். அதனால்தான் மூக்கை நீட்டும் நாய் அதனிடம் மாட்டுகிறது. செப்டம்பர் முதல் வெயில் ஏறும் மாதங்களில் உயரமான புல்லுக்குள் நாயை விடாதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறிவிடுவது எதுவும் வேண்டாம். நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு வண்டிக்கு வாருங்கள், வரும்போதே மருத்துவமனைக்கு போன் செய்து விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லா இடத்திலும் இருப்பு வைத்திருக்க மாட்டார்கள்.

தேரையைக் கவ்வினால் வாயில் நுரை தள்ளும். தண்ணீரால் பக்கவாட்டில் கழுவிவிடுங்கள். கான்ஸ்டான்ஷியா பக்கம் இரண்டு வகைத் தேரை கவனத்துக்குரியது. ஒன்று மேற்குச் சிறுத்தைத் தேரை, அழியும் நிலையில் உள்ளது. ஆகஸ்ட் மாத மழை இரவுகளில் இனப்பெருக்கத்துக்காகச் சாலையைக் கடக்கும், அந்த நாட்களில் இருட்டியபின் நாயை அவிழ்த்துவிடக்கூடாது. மற்றொன்று வந்தேறி. இங்குள்ள பழைய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றைப்போல அதுவும் டர்பன் பக்கத்திலிருந்து வந்து கான்ஸ்டான்ஷியாவில் வீட்டுக் குளங்களில் பெருகிவிட்டது.

வெறிநாய்த் தடுப்பூசி இந்த நாட்டில் சட்டப்படி கட்டாயம்: மூன்று மாதக் குட்டிக்கு முதல் ஊசி, ஓராண்டுக்குள் இரண்டாவது, அப்புறம் மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது. கேப் டவுனில் வெறிநோய் இல்லை என்று பலர் அசட்டையாக இருந்தார்கள். 2024ல் கடல்நாய்களுக்கே அந்த நோய் வந்திருப்பது உறுதியானது. ஆகவே காட்டு நடைக்குப் பதில் ஒருநாள் கடற்கரைக்குப் போனாலும், மணலில் படுத்திருக்கும் கடல்நாயிடம் உங்கள் லாப்ரடாரை நெருங்கவிடாதீர்கள். கடிபட்டால், சிறு கீறலானாலும், காயத்தைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். நாய்க்கு மட்டுமல்ல, பிடித்து இழுத்த உங்களுக்கும்தான். இந்தியாவிலிருந்து கொண்டுவந்த தடுப்பூசி அட்டையில் அடுத்த தேதி என்ன என்று இன்றைக்கே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.